புதன்கிழமை வாசிப்பு

ஸ்கார்பெக்கில் இப்போது பள்ளிக்கூடம் இல்லை. ஆட்டுப் பண்ணை ஆலன் டென்ட்தான் அதை மூடினான் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளையே கிடையாது. மீதிப் பேர் தங்கள் பிள்ளைகளை அந்தக் காலத்திலேயே டவுனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர்கள். நான் அந்த ஊர்த் தபால்காரி, பெயர் டோரீன். இருபத்திரண்டு வருஷம் சிவப்பு வேனை ஓட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வாசலுக்கும் போயிருக்கிறேன். பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிலும் இருந்தேன். அதனால் நடந்ததை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன், என் பங்கையும் சேர்த்து.

கிறிஸ்தவக் கோயில் சுவரை ஒட்டி ஒன்றரை அறை. அதுதான் பள்ளிக்கூடம். நான்கு வயதிலிருந்து பதினொன்று வரை பத்தொன்பது பிள்ளைகள். தலைமை ஆசிரியை மிஸஸ் மார்ஜோரி பெல். முப்பத்து மூன்று வருஷமாக அவர்தான். மழைநாளில் உள்ளே போனால் சூடேற்றிக் குழாய்மேல் கம்பளிக் கையுறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஈரக் கம்பளி வாசனையும் சமையலறையிலிருந்து கறிக்குழம்பு வாசனையும் கலந்து வரும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சொக்கிப் போவார்கள். பிள்ளைகள் ஓடிவந்து கதவைத் திறந்துவிடும், பெயர் சொல்லி வணக்கம் சொல்லும், சுதி பிசகாமல் பாடும். "ஒரே குடும்பம் மாதிரி இருக்கே" என்பார்கள். நாங்களும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்போம். இந்தப் பிள்ளைகள் வாசிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளைக்கு எழுத்து தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

மிஸஸ் பெல்லின் முறை ஒன்றுதான். முதலில் அவர் வாசிப்பார். அடுத்து எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். புத்தகங்களோ பழையவை, நாற்பதோ ஐம்பதோ இருக்கும். பெரிய பிள்ளை வாசிப்பதைச் சின்னப் பிள்ளை கேட்கும். ஏழு வருஷம் அதே அறையில் அதே புத்தகங்களைக் கேட்டால் கோயில் மணிக்கூண்டுக் காக்காய்கூட ஒப்பிக்கும். ஏப்ரலில் ஆடு ஈனும் காலம் வந்தால் பண்ணைப் பிள்ளைகள் மூன்று வாரம் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் வந்ததாகவே இருக்கும். அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. மிஸஸ் பெல் எங்கள் பிழைப்பைப் புரிந்துகொண்டவர் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

புதன்கிழமை மதியம் நான் போய்ப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பேன். சம்பளம் கிடையாது, ஒரு கோப்பை டீ உண்டு. ஆலனின் மகள் பெத்தனி இரண்டு வருஷம் என்னிடம் வாசித்தாள். பத்து வயது, நெற்றியில் புரளும் செம்பட்டை முடி, மணி மாதிரி குரல். எங்கேயாவது தடுக்கினால் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பாள். நான் அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் உதட்டில் காட்டுவேன். உடனே சொல்லிவிடுவாள். பெண்ணுக்கு என்மேல் ஒரு பாசம், அதனால்தான் அடிக்கடி முகத்தைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அக்டோபரில் பத்து நாள் விடாமல் மழை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கக் கடிதம் ஒன்றை நான்தான் கொடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார். அரசாங்கம் இரண்டு முறை மூடப் பார்த்தும் தப்பிய பள்ளிக்கூடம். இந்த முறை ஆய்வு சரியில்லை என்றால் பத்தொன்பது பிள்ளைகளும் பதினான்கு மைல் பஸ்ஸில் போக வேண்டியதுதான். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகை ஆராதனையை வியாழக்கிழமையே வைத்துவிடுவோம், ஆய்வாளரும் வந்து பார்க்கட்டும் என்று மிஸஸ் பெல் முடிவு செய்தார். வேதபாடம் வாசிக்கப் பெத்தனியைத் தேர்ந்தெடுத்தார். பள்ளிக்கூடத்திலேயே நல்ல குரல் அவளுக்குத்தான்.

பெத்தனியின் அம்மா ஹெதர்தான் பள்ளிச் சமையல்காரி. சனிக்கிழமை காலையிலேயே சமையலறையைத் தேய்த்துக் கழுவப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் ஆலன் குட்டிகளுக்கு ஈரல் புழு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. வசந்தத்தில் பிறந்து சந்தைக்குப் போகத் தயாரான நாற்பத்து மூன்று குட்டிகள். எப்போதும் மருந்து அளவை ஹெதர்தான் படித்துச் சொல்வாள். ஆலனுக்கு வாசிக்க வராது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம். சந்தையில் யாராவது காகிதத்தை நீட்டினால் "கண்ணாடிய வீட்ல விட்டுட்டேன்" என்பான். அவனிடம் கண்ணாடியே கிடையாது.

வழக்கமான மருந்தென்றால் டப்பாவின் நிறத்தை வைத்தே சமாளித்திருப்பான். அது கிடைக்கவில்லை என்று கடையில் வேறொன்றைக் கொடுத்திருந்தார்கள். பட்டிக்குள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான், "குட்டிக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கு, படி." அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருபது" என்றாள். இலக்கம் அவளுக்குத் தெரியும். இருபதும் அதில் இருந்தது, ஆனால் மாட்டுக்கு. ஆட்டுக்குட்டிக்கு ஐந்து என்று அதற்குக் கீழே தனியாக எழுதியிருந்தது. மருந்து சீக்கிரம் தீர்கிறதே என்று ஆலனுக்குத் தோன்றியிருக்கிறது. மலிவு மருந்து, தண்ணீராகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை நான் தபாலோடு போனபோது கால்நடை மருத்துவரின் கார் வெளியே போய்க்கொண்டிருந்தது. பட்டியில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று கல்சுவர் வரை நேராக நடந்துபோய் மூக்கை இடித்துக்கொண்டது, பின்வாங்கியது, திரும்பவும் அதே இடத்தில் இடித்தது. கண்கள் அகலத் திறந்து கறுப்பாக இருந்தன. ஆலன் படலின்மேல் கைகளைப் போட்டு நின்றான். மழை அவன் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"குருடு. எல்லாம் குருடு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "நாலு மடங்கு மருந்து குடுத்திருக்கேனாம். கண் நரம்பு செத்துப்போச்சாம். இனி திரும்பாதாம். நாளைக்கு வண்டி வந்து எல்லாத்தையும் சுட்டு எடுத்துட்டுப் போயிரும்."

"நாற்பத்து மூணுமா?"

"நாற்பத்து மூணும்தான். உள்ள வா, டோரீன். அந்தத் தபாலையும் எடுத்துட்டு வா."

சமையலறையில் அடுப்புமேல் நேற்றைய ஆட்டுக்கறி உருளைக்கிழங்குச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஹெதர் கைதுடைக்கும் துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். பெத்தனி பள்ளிச் சீருடையிலேயே மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அந்த மருந்து டப்பா.

"படி" என்றான் ஆலன்.

"ஆலன், போதும். காலைல இருந்து அதையே கேக்குற" என்றாள் ஹெதர்.

"நீ சும்மா இரு. படி, பெத்."

"குட்டிக்கு இருபது" என்றாள் பெத்தனி, நல்ல தெளிவான குரலில்.

"எந்த இடத்துல குட்டின்னு போட்டிருக்கு? விரல் வச்சுக் காட்டு."

அவள் விரல் டப்பாவின்மேல் வட்டமிட்டது. எங்கேயோ ஒரு இடத்தில் வைத்தாள். ஹெதர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற வரி அது.

ஆலன் என் கையிலிருந்த தபாலில் ஒன்றைப் பிடுங்கிக் கிழித்தான். விதைக் கடையிலிருந்து வந்த விளம்பரம். "இதப் படி. இத நீ முன்ன பின்ன பாத்ததில்ல."

பெத்தனி அந்தத் தாளைப் பார்த்தாள். அதன்பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். என் உதட்டைப் பார்த்தாள். புதன்கிழமைகளில் பார்த்த அதே பார்வை, எந்தப் பதற்றமும் இல்லாமல், நான் சொல்வேன் என்ற நம்பிக்கையோடு.

இரண்டு வருஷம். வாரம் ஒரு தடவை. அந்தப் பெண் ஒரு வார்த்தைகூட வாசிக்கவில்லை. அவளுக்கு வாசித்தது நான்.

"டோரீன் ஆன்ட்டி?" என்றாள்.

நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தாளைக் கீழே வைத்தாள். "குட்டிங்க என்னாலயா அப்பா?" என்றாள்.

"உன்னால இல்ல" என்றான் ஆலன். "போ, மாடிக்குப் போ."

அவள் போனதும் ஹெதர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "யார் கிட்டயும் சொல்லிராத, டோரீன். வியாழக்கிழமை முடியட்டும்."

"வியாழக்கிழமை முடிஞ்சா?" என்றான் ஆலன்.

"நானே சொல்லிக் குடுக்குறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்தா வந்துரும். பத்து வயசுதான். இன்னும் காலம் இருக்கு."

"எனக்கும் இப்படித்தான் சொன்ன. கல்யாணமான வருஷம். அடுப்புப் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரேன்னு. எத்தன நாள் உக்காந்தோம்?"

"நீதான் தூங்கிப் போவ!"

"விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து ஆடு பாக்குறவன் தூங்காம என்ன பண்ணுவான்? அவளும் தூங்குவா. நீயும் தூங்குவ. அப்புறம் அவளும் என்னாட்டம் கண்ணாடிய வீட்ல விட்டுட்டேன்னு சொல்லிட்டுத் திரிவா. பொம்பளப் பிள்ளை. யாரு கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுவா. நாளைக்கு அவ பிள்ளைக்கு எந்த மருந்த எவ்வளவு ஊத்துவா? சொல்லு பாப்போம்."

ஹெதர் மேஜையைத் தட்டினாள். "பள்ளிக்கூடத்த மூடிட்டா? நாலு வயசுப் பிள்ளைங்க பனியில பதினாலு மைல் போகணும். இருக்குற நாலு குடும்பமும் கீழ இறங்கிப் போயிருவாங்க. மிஸஸ் பெல் நீ அவங்ககிட்ட படிக்கும்போது உனக்குக் குளிர் காலத்துல காலுறை பின்னிக் குடுத்தவங்க, ஆலன். மறந்துட்டியா? அவங்கள இந்த வயசுல நடுத்தெருவுல நிறுத்தணுமா?"

"மறக்கல" என்றான் ஆலன். "காலுறை நல்லா இருந்துச்சு."

மறுநாள் காலை வண்டி வந்தது. நான் தபால் கொடுக்கும் வழியில் கேட்டேன், ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பாக்கியின் மொட்டைச் சத்தம். பத்துக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பெத்தனியை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. பதிவேட்டில் வந்ததாகத்தான் இருந்தது.

மதியம் ஹெதரும் நானும் மிஸஸ் பெல்லைப் பார்த்தோம். அறுப்புப் பண்டிகைக்கு வந்த பூசணியும் முட்டைக்கோஸும் ஜாம் பாட்டில்களும் மேஜை முழுக்க இருந்தன. அவற்றுக்கு நடுவே மூட்டுவலியில் வீங்கிய விரல்களோடு அவர் கோதுமைக் கதிர்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெதர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தக் குட்டிகள நெனச்சா மனசு ஆறல" என்றார் கடைசியில். "ஆலனுக்குக் கை ரொம்ப நேர்த்தி. ஒம்பது வயசுலயே கல்சுவர் அடுக்குவான். பெத்தனியும் அவன் மாதிரிதான். கையில வித்தை இருக்கு."

"அவளுக்கு வாசிக்கத் தெரியல, மிஸஸ் பெல்."

"கொஞ்சம் மெதுவா வரும். சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாக இருந்தது. "முன்னாடியே தெரியுமா?"

அவர் கதிர்க்கட்டைக் கீழே வைத்தார். "பத்தொன்பது பிள்ளைங்க, டோரீன். ஏழு வயசு வித்தியாசம். ஒரே அறை. நாலு வயசுப் பிள்ளை கால்சட்டைய நனைச்சுட்டு அழும்போது பத்து வயசுப் பிள்ளை சமத்தா உக்காந்து புத்தகத்தப் பாத்துக்கிட்டு இருந்தா, நீ யார் பக்கம் போவ? பெத்தனி ஒரு நாளும் என்னைத் தொந்தரவு பண்ணினது இல்ல." கதிர்க்கட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "பரீட்சைல கேள்விய நான் வாசிச்சுக் காட்டுவேன். பாவம், பிள்ளை மனசு உடைஞ்சிரக் கூடாதுன்னு. உதவினேன். நாம எல்லாருமேதான் உதவினோம்" என்றார்.

"நாளைக்கு அவளுக்குப் பதிலா வேற யாராவது வாசிக்கட்டுமே" என்றாள் ஹெதர்.

"நிகழ்ச்சித் தாள்ல பேரு போட்டாச்சும்மா. ஏன் மாத்தினீங்கன்னு ஆய்வாளர் அம்மா கேப்பாங்க. பாடத்த மூணு தடவ வாசிச்சுக் காட்டிட்டேன், சொல்லுக்குச் சொல் வச்சிருக்கா. நாளைக்கு ஒரு நாள். அதுக்கப்புறம் நானே தினமும் அவளோட உக்காருறேன், சத்தியமா."

ஹெதர் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். கோழைத்தனம் என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு அது இரக்கம் மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஜன்னல் விளிம்புகளில் ஆப்பிளும் லீக் வெங்காயமும், பீடத்தின் முன்னால் ரொட்டியும் ஒரு பெரிய பூசணியும். ஆய்வாளர் அம்மா ஓரத்துப் பலகையில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். குதிரைவாலாகக் கட்டிய முடி, ஈரமான காலணிகள், களைத்த நல்ல முகம். பிள்ளைகள் பாடியபோது அவர் முகம் கனிந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்த மார்க்கெட் கமிட்டி டெரிக் என்னை முழங்கையால் இடித்து, "பாட்டுல விழுந்துட்டாங்க" என்றான்.

ஆலன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டியைக் கழுவிய கையோடு, பண்டிகைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஹெதர் பக்கத்தில் உட்கார்ந்தான். கோயிலில் அவன் என்றைக்கும் வாய் திறந்து பாடியதில்லை. பாட்டுப் புத்தகத்தை மட்டும் எல்லாரையும் போலத் திறந்து வைத்துக்கொள்வான்.

பெத்தனி மேடையேறினாள். பெரிய எழுத்தில் அடித்த இரண்டு தாள்கள் அவளுக்கு முன்னால் இருந்தன. விரலை முதல் வரியில் வைத்து ஆரம்பித்தாள். விதைப்பையும் மழையையும் கதிரையும் பற்றிய பாடம். குரல் கூரை வரை போய்த் திரும்பியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றினாள். ஆய்வாளர் அம்மா எதையோ எழுதினார். மிஸஸ் பெல்லின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

அப்போது விரல் குரலை முந்திவிட்டது. அவள் இன்னும் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், விரல் தாளின் அடிக்கு வந்துவிட்டது. அங்கே கொஞ்சம் நின்றது. அப்புறம் தாளைப் புரட்டினாள். குரல் தடங்கலே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஆலன் எழுந்து நின்றான்.

ஹெதர் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்த இழுப்புக்கு அவன் ஆடினான், உட்காரவில்லை.

"மிஸஸ் பெல், அவ வாசிக்கல" என்றான்.

பெத்தனி நிறுத்திவிட்டாள்.

"அவ விரல ஓட்டுறா. எனக்குத் தெரியும். நானும் அதே இடத்துல நின்னு இப்படித்தான் ஓட்டினேன். நீங்கதான் கைதட்டினீங்க." அவன் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்பலகையைப் பிடித்துக்கொண்டான். ஆய்வாளர் பக்கம் திரும்பினான். "அம்மா, எனக்கு நாற்பத்தொரு வயசு. எனக்கு வாசிக்கத் தெரியாது. இத நான் வெளிய சொன்னதே இல்ல. என் மகளுக்கும் வாசிக்கத் தெரியாது. பிள்ளை தப்பு இல்ல. யாராவது அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும். எங்கன்னாலும் பரவால்ல."

டெரிக் காலடியைப் பார்த்தான். ஊரே காலடியைப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் கடிதம் கொடுத்த அத்தனை பேரும்.

மிஸஸ் பெல் மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"ஆலன்" என்றார். "உக்காருப்பா."

அவன் உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயது ஆள், நாற்பத்து மூன்று குட்டிகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவன், அந்தக் குரலைக் கேட்டதும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

மேடையில் பெத்தனி நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், மிஸஸ் பெல்லைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து போயிருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். போதும் கண்ணு, வா என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் சொல்லவில்லை.

யாரும் நிறுத்தச் சொல்லாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிய, அந்த மணிக்குரலில், ஒரு சொல் பிசகாமல் பாடத்தைக் கடைசி வரை சொன்னாள். விரலைத் தாளில் வைக்கவில்லை. முடிந்ததும், சொல்லிக் கொடுத்தபடியே தலையை நிமிர்த்தி, "இது கர்த்தருடைய வார்த்தை" என்றாள்.

"தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று கோயில் முழுவதும் சொன்னது. மிஸஸ் பெல் சொன்னார், டெரிக் சொன்னான், முகத்தை மூடிக்கொண்டிருந்த ஹெதரும் சொன்னாள்.

நானும் சொன்னேன்.